அச்சுப் பிழையா, தேய்மானமா?



முதல் மாதச் சம்பளத்தில் 500 ரூபாய் கொடுத்து ஒரு ஐந்து ரூபாய்க் காசு வாங்கினேன். ஒரு பக்கம் எழுத்தெல்லாம் பள்ளமாக, கண்ணாடியில் தெரிவது போல் திரும்பியிருந்தது. "அபூர்வமான அச்சுப் பிழை சார்" என்றார் விற்றவர். பிறகுதான் தெரிந்தது, இரண்டு காசுகளைச் சேர்த்து வைத்து நெருக்கிய வேலை அது! அசலான பிழையில் பள்ளமான உருவம் மட்டுமே இருக்கும். என் காசிலோ நசுங்கிய பழைய எழுத்தும் கூடவே தெரிந்தது.

நாணயச்சாலையில் உலோக வில்லை தயாராகி அச்சில் அடிபடும் வரைதான் பிழை பிறக்கும். வெளியே வந்தபின் நடப்பதெல்லாம் சேதம். அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதற்குள் ஏறி, காசில் மேடான கோடாக நிற்கும். கீறல் என்றால் பள்ளம். நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும். வெட்டுப்பட்ட வில்லையில் அடித்த காசுக்குப் பெரும்பாலும் நேரெதிர் விளிம்பும் மழுங்கியிருக்கும். அரத்தால் ராவிய காசில் அது இருக்காது.

"வருஷத்துக்குக் கீழே குறியே இல்லையே, பிழைதானே?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது, தம்பி!

அந்தக் காசை இன்னும் விற்கவில்லை. விற்றால் இன்னொருவர் ஏமாறுவாரே.