கசியும் வால்வும் கடைசி வீடும்

ஊவா மாகாணம் ஓடைகள் நிறைந்த மலைநாடு. பதுளை நகரை அணைந்தோடும் பதுளு ஓயா, துன்ஹிந்தை அருவியாக வீழ்ந்து மகாவலியைச் சேர்கிறது. இத்துணை நீருள்ள நாட்டில், வீட்டுத் தோட்டத்து வால்வு ஒன்றில் கசியும் சில துளிகளைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும்.

அதற்கு விடையை ஆவணி மாதத்துப் பசறையும் லுணுகலையும் கூறும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் பெய்துவிட்டு, ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் மீது வறண்டு வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் மணத்தைத் தருவது அக்காற்றே. ஓடைகளை மெலியச் செய்வதும் அதுவே.

தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் மலைமேல் உள்ள ஊற்றுநீர் ஒரு தொட்டியில் தேங்கி, குழாய் வழியே லயங்களுக்கும் பீலிக்கரைக்கும் இறங்கி வருகிறது. அங்கே உயரமே விசை. 10 மீற்றர் உயரம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். அவ்வழுத்தம் இரவும் பகலும் ஓயாது வால்வை நெருக்கிக்கொண்டிருக்கும். எனவே கசிவும் ஓயாது.

கசிவை அளப்பது எளிது. ஒரு கிண்ணத்தை ஏந்தி வைத்தால், 5 நிமிடத்தில் 200 மில்லிலீற்றர் சேர்கிறதென்று கொள்வோம். ஒரு நாளில் 288 ஐந்து நிமிடங்கள் உண்டு. ஆக, வீணாவது ஏறத்தாழ 58 லீற்றர். 15 லீற்றர் கொள்ளும் குடத்தில் நான்கு குடம். இரவில் நிரம்ப வேண்டிய தொட்டி நிரம்பாமற் போகிறது. விடியலில், கொழுந்து கொய்யப் புறப்படுமுன் குடத்தோடு வந்து நிற்கும் கடைசி லயத்துப் பெண்ணுக்கே அந்நான்கு குடமும் நட்டமாகும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அதற்குக் காரணம் பெருமழை. ஆயினும், நீர் ஊறிய சரிவு எத்துணை வலிவிழக்கும் என்பதை அத்துயரம் யாவர்க்கும் உணர்த்தியது. ஆதலின், சரிவில் புதைந்த வால்வு மண்ணுக்குள் மறைவாகக் கசிய விடுவது தகாது.

இனி, பழுதை அறியும் வகை. மானி உள்ள வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மானியைப் பார்த்தல் வேண்டும். அது சுழன்றால் கசிவு உண்டு. அதன்பின் தோட்டத்து வால்வை மூடுக. சுழற்சி நின்றால் கசிவு வால்வுக்கு அப்பால் உள்ளது. நில்லாவிடில் வால்விலோ அதற்கு முன்னோ உள்ளது. மானி இல்லாத இடத்தில், ஊர் அடங்கிய இரவில் ஒரு மரக்கோலின் முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் கசியும் ஓசை கேட்கும்.

வால்வின் தண்டைச் சுற்றி நீர் கசிந்தால், தண்டைத் தழுவியுள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் போதும். அடங்காவிடில் நட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் பழைய திரியை நீக்கிப் புதியதைச் சுற்ற வேண்டும். இறுக மூடியும் நீர் நில்லாவிடில் பழுது உள்ளே இருக்கிறது. திருகி இறக்கும் வகை வால்வாயின் வாஷர் தேய்ந்திருக்கும். 1845இல் இங்கிலாந்தின் ரொதர்ஹாம் நகரில் செய்யத் தொடங்கிய அமைப்பு இது. இன்றும் ஒரு சிறு வாஷரே அதன் உயிர். கதவுபோல் இறங்கும் வகையாயின், பள்ளத்தில் மணல் தங்கியிருக்கலாம். மெல்லச் சிலமுறை திறந்து மூடினால் நீரே அதனை அடித்துச் செல்லும். அதனாலும் தீராவிடில் வால்வையே மாற்ற வேண்டியதுதான்.

கைப்பிடி இறுகிவிட்டதென்று பெரிய ஸ்பானரால் முரட்டுத்தனமாகத் திருகுவோர் உளர். தண்டு முறியும், அல்லது மண்ணுக்குள் குழாயே முறியும். ஒரு ஸ்பானரால் வால்வின் உடலைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் திருகுவதே முறை.

நட்டையோ வால்வையோ கழற்றுமுன் மேற்புற வால்வை மூடி, தாழ்ந்த குழாயைத் திறந்து நீரை வடியவிட வேண்டும். நகரில் மானிக்கு முன்னுள்ள பகுதியில் கைவைக்கலாகாது. அதனை நீர் வழங்கல் சபைக்கே அறிவிக்க வேண்டும். தோட்டத்திலோ, மேல் வால்வை மூடினால் பல வீடுகளுக்கு நீர் நிற்கும். ஆகவே முதல்நாள் மாலையே வீடுதோறும் சொல்லி, அவரவர் குடம் நிரப்பிய பின்னரே வேலையைத் தொடங்குதல் நன்று. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச நிற்கும் தாய்க்கு, காரணம் அறியாமல் நின்ற நீர் பெருந்துன்பம்.

புதிய வால்வில் நீர் செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருப்பின், அத்திசையிலேயே பொருத்துக. புரியின் மீது வெள்ளை நாடாவைப் புரி இறுகும் பக்கமாகச் சுற்றுக. பின்னர் நீரை மெல்லத் திறந்து, காற்று வெளியேறிய பின், மூட்டுகளை உலரத் துடைத்து, காகிதத்தால் ஒற்றிப் பார்க்க. காகிதம் நனையாவிடில் வேலை நிறைவுற்றது.

வால்வை மண்ணிட்டு மூடாமல், செங்கற் கூடு கட்டி மூடியிடுதல் வேண்டும். கதவு வகை வால்வை முழுவதும் திறந்தோ முழுவதும் மூடியோ வைத்தல் வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஓடும் நீர் கதவை அதிர்த்துத் தேய்க்கும். ஆண்டுக்கு இருமுறை, வறட்சி தொடங்குமுன் வைகாசியிலும், மழை தொடங்குமுன் புரட்டாசியிலும், ஒருமுறை மூடித் திறந்தால் அது இறுகாது. இதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களை மேல்வீட்டார் செலவிட்டால், கோடையிலும் கடைசி வீட்டுக் குடம் நிறையும்.