507 மணி நேரம்

படப்பிடிப்பு ரத்தானால் பெரிய நட்சத்திரத்துக்கு ஓய்வு. லைட்மேனுக்கு அன்றைய கூலி போச்சு. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, எல்லா நாட்டுச் சினிமாக்காரர்களுக்கும் இந்தக் கவலை வந்தது. பிரான்ஸ் அதற்கு ஒரு வழி கண்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அங்கே சினிமா, தொலைக்காட்சி, நாடகம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தம்தான். ஒரு படத்தில் சில வாரம் வேலை, அப்புறம் அடுத்த அழைப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். அந்த நாட்களுக்கென்றே அங்கே பல காலமாக ஒரு காப்பீடு இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். நடிகருக்கும் பாடகருக்கும் மணிக்கணக்கு பார்ப்பது கஷ்டம் அல்லவா? அதனால் ஒரு நிகழ்ச்சிக்கான சம்பளத்தை 12 மணி நேரமாக வைத்துக்கொள்வார்கள். ஆக, ஆண்டுக்கு 43 நிகழ்ச்சி. தர்மம் என்று யாரும் முகம் சுளிக்க முடியாது. வேலை கொடுப்பவர், செய்பவர் இருவருமே ஒவ்வொரு சம்பளத்திலும் இதற்குக் கட்டுகிறார்கள்.

ஊரடங்கில் இந்த 507-தான் கழுத்தை நெரித்தது. மேடையும் இல்லை, ஷூட்டிங்கும் இல்லை. மணி நேரம் எங்கிருந்து சேரும்? ஏப்ரல் கடைசியில் கத்ரீன் தெனவ், ஒமர் சி போன்ற பிரபலங்களே அதிபருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மே 6 அன்று அதிபர் மக்ரோன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீடியோவில் தோன்றி அறிவித்தார்: இந்த ஓர் ஆண்டைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை, ஏற்கெனவே தகுதி பெற்றவர்களின் உரிமை 2021 ஆகஸ்ட் 31 வரை நீடிக்கும்.

புதிய பட்டியல் எடுக்கவில்லை, வரிசையில் நிற்கவைக்கவில்லை. தேதியைத் தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான். யார் எங்கே எத்தனை மணி நேரம் உழைத்தார் என்ற பதிவு முன்பே கையில் இருந்ததால் முடிந்த காரியம் இது. பிரிட்டனைப் பாருங்கள். அங்கே சுயதொழில் செய்வோருக்கு வருமான வரிக் கணக்கை வைத்துத்தான் உதவி. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களும், குறுகிய ஒப்பந்தச் சம்பளத்திலேயே பெரும்பகுதி வருமானம் பெறுபவர்களும் அதில் விடுபட்டுப் போனார்கள். திரைத்துறையில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் ஒன்று: கொரோனாவால் படப்பிடிப்பு நின்றால் காப்பீட்டு நிறுவனங்கள் நஷ்டஈடு தர மறுத்தபோது, அந்தப் பொறுப்பை ஏற்க 50 கோடி பவுண்டு ஒதுக்கியது பிரிட்டன். பிரான்சும் 5 கோடி யூரோவில் ஒரு நிதி வைத்தது. தயாரிப்பாளருக்குப் போகும் பணம்தானே என்று நினைக்கலாம். கேமரா ஓடினால்தானே மேக்கப்மேனுக்குச் சம்பளம்!

பிரான்சின் ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. 507-ஐ ஒருமுறைகூட எட்டாத புதியவர்களுக்கு நீட்டிக்க என்ன உரிமை இருக்கிறது? 2021 மார்ச்சில் கலைத் தொழிலாளர்கள் பாரிஸின் ஓதேயோன் நாடக அரங்கத்துக்குள் புகுந்து அங்கேயே தங்கிப் போராடினார்கள். போராட்டம் நாடெங்கும் பரவியது. மே மாதம் அரசு இறங்கிவந்தது: கெடு டிசம்பர் 31 வரை நீண்டது, முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 507 மணி நேரம் தற்காலிகமாக 338 ஆகக் குறைந்தது. முப்பத்தைந்து வயதில் இந்தத் தொழிலுக்குள் வந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை.