பாயின் அளவும் அறையின் அளவும்



தரையை மூடுவதில் இரு முறைகள் உண்டு. வேண்டும்போது விரித்துப் பின் சுருட்டி வைப்பது ஒன்று. சுவரோடு சுவர் சேரப் பொருத்திவிடுவது மற்றொன்று. சாயல்குடி வட்டாரத்துப் பனையோலைப் பாய் முதல் முறையைச் சார்ந்தது. குளிர்நாட்டு வீடுகளின் கம்பளம் இரண்டாம் முறையைச் சார்ந்தது. கடல் கடந்து பொருளீட்டுவோர் பலரைக் கொண்ட இராமநாதபுரக் கரையில் அந்த இரண்டாவதன்மீதும் ஆசை எழுவது இயல்பே.

வீட்டில் முதன்முறை கம்பளம் பொருத்த முனைபவர் கற்க வேண்டியது அளவெடுக்கும் பொறுமை. எந்தச் சுவரும் முழு நேராக நிற்பதில்லை. ஆதலின் மிக அகன்ற இடத்தை அளந்து, பக்கத்துக்கு மூன்று நான்கு அங்குலம் கூட்டியே துண்டு வாங்குதல் வேண்டும். சுவரோரம் முள்ளாணிகள் நீட்டிய மரச்சட்டம், அதற்கு உட்புறம் கெட்டியான அடிவிரிப்பு, அதன்மேல் கம்பளம். இழையின் சாய்வு அறை முழுதும் ஒரே திசையில் இராவிடில் ஒரே நிறம் இரு நிறமாகத் தோன்றும். இழுத்து முள்ளில் மாட்டிய பின்னரே மிகுதியை அறுக்க வேண்டும். முன்னரே கத்தியை எடுத்தவர் சுவரோரத்து இடைவெளியைக் காலமெல்லாம் பார்த்திருக்க நேரிடும். எல்லாம் முடிந்தபின் கதவு திறவாது. அதன் அடியையும் இழைத்தாக வேண்டும்!

இத்தனை பாடுபட்டுப் பொருத்தியதைக் கடலோர ஊரில் பேணுவது எளிதன்று. காற்று மணலைக் கொண்டுவரும். உப்பீரம் இழைக்குள் தங்கும். நீர்விட்டுத் துடைத்துப் பழகிய தரை, ஆணியின் அடியில் அடைபட்டுவிடும். எடுத்து உதறவும் வழியில்லை.

பாய் அவ்வாறன்று. குருத்தோலையை விரித்து, ஈர்க்கு நீக்கி, உலர்த்தி, ஒரே அகலமாக வகிர்ந்து, ஒடியாதிருக்க நீர் தெளித்து முடைகிறார்கள். மூலையில் தொடங்கும் பின்னல் குறுக்காகச் சென்று, ஓரத்தில் மடிந்து தன்னுள்ளேயே செருகிக்கொள்கிறது. நூலும் இல்லை, ஆணியும் இல்லை. அளவுகோல் பெரும்பாலும் முடைபவரின் கையே. கம்பளம் அறையை அளந்து வெட்டப்படுகிறது. பாயோ மனிதரை அளந்து முடையப்படுகிறது. ஒருவர் அமரத் தடுக்கு, ஒருவர் படுக்கப் பாய், ஊர் கூடி உண்ணப் பந்திப்பாய். வந்தவரை வரவேற்பதும் அதை உதறி விரிக்கும் ஓசையே. இறந்தவரைக் கிடத்துவதும் அதன்மேலேயே.

பாய் என்றதும் பலருக்கும் பத்தமடை நினைவில் எழும். தாமிரபரணிக் கரையின் கோரையை மெல்லியதாய்க் கீறி, நீரில் ஊறவைத்து, பட்டுபோல் மடிக்கத்தக்கதாக நெய்யும் அவ்வூர்ப் பாய் 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகச் சென்றது. புவிசார் குறியீடும் பெற்றது. அந்தப் பெருமை உரியதே. ஆயின் கருப்பட்டி காய்ச்சும் அடுப்பங்கரைக்கு அருகே, வேலையோடு வேலையாகப் பெண்கள் முடைந்த ஓலைப்பாய்க்கு அத்தகைய மேடை வாய்க்கவில்லை. அதை ஒரு கலையென்று எண்ணும் வழக்கமே குறைவு.

பிளாஸ்டிக் பாய் வந்தது. மலிவு, கழுவலாம், பல ஆண்டு உழைக்கும். வாங்கியவரைக் குறைகூற இடமில்லை. பனைகளோ செங்கற் சூளைக்கு விறகாயின. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மரத்துக்கு அது காவல். ஓலையை முடையும் விரல்களுக்கு அத்தகைய காவல் ஏதுமில்லை. தாய் முடையாத வீட்டில் மகள் கற்பதற்கும் வழியில்லை.

கவிஞர்களின் கவலை இன்னொன்றாகவும் இருத்தல் கூடும். பொருள் போகும்போது சொல்லும் உடன் போகிறது. கொட்டான், கடகம், தடுக்கு ஆகியவை கவிதைகளில் இன்றும் வருகின்றன. அவற்றைக் கையால் அறிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று ஒவ்வொரு பின்னலுக்கும் மடிப்புக்கும் உரிய பெயரைக் கேட்டு எழுதிவைக்க ஓர் ஏடும் சில மாலைப் பொழுதுகளும் போதும். இவ்வவையில் உள்ளோர் இன்றிரவு வீடு சென்று, தடுக்கு என்றால் என்ன என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கலாம். வழியை மறிப்பது என்றே பெரும்பாலும் விடை வரும்.