எப்ரேம்: பாட்டால் கற்பித்த ஆசிரியர்



புனித எப்ரேமைப் பிற்காலக் கிரேக்க மரபு பெரும்பாலும் உலகை வெறுத்த துறவியாகவே தீட்டியது. அவருடைய சிரியாக் மொழிப் பாக்களில் நாம் காண்பவரோ நகர மக்களோடு வாழ்ந்த திருத்தொண்டர், ஆசிரியர்.

அவர் ஏறத்தாழ 306இல், இன்றைய துருக்கியின் தென்கிழக்கு எல்லையிலுள்ள நிசிபிஸ் பகுதியில் பிறந்தார். 350இல் பாரசீக மன்னர் இரண்டாம் ஷாபூர் அந்நகரை முற்றுகையிட்டு, ஆற்று நீரைக் கொண்டு மதிலைத் தகர்த்தார். ஆயினும் நகர் வீழவில்லை. நீர் சூழ்ந்த ஊரை எப்ரேம் நோவாவின் பேழையாகக் கண்டார். நகரமே இறைவனிடம் முறையிடுவதுபோல் பாடினார். 363இல் உடன்படிக்கையால் நிசிபிஸ் பாரசீகருக்குக் கைமாறியது. கிறித்தவர்கள் வெளியேற, முதுமையை நெருங்கிய எப்ரேமும் எதெசா நகருக்குப் பெயர்ந்தார்.

அங்கே பர்தைசான் என்னும் பழைய மெய்யியலாளரின் கருத்துகள் இனிய பாடல்களாய் இளையோர் நாவில் தவழ்ந்தன. எப்ரேம் அவற்றைக் கடுமையாக மறுத்தார்; ஆயினும் மெட்டை மறுக்கவில்லை! அவ்வழி வந்த மெட்டுகளுக்கே தம் சொற்களை அமைத்தார் என்கிறார் ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோசொமென்.

எப்ரேம் பெரிதும் கையாண்ட பாவகை ‘மத்ராஷா’. அசைகளை எண்ணி அமைத்த கண்ணிகளை ஒருவர் பாட, ஒவ்வொரு கண்ணிக்குப் பின்னும் குழுவினர் பல்லவியைப் பாடுவர். சில பாக்களின் கண்ணிகள் அகர வரிசைபோல் சிரியாக்கின் 22 எழுத்துகளையும் முறையே முதலாகக் கொண்டு வரும். ஆத்திசூடி கற்ற நமக்கு இம்முறையின் பயனை விளக்க வேண்டியதில்லை. ஏடு வாங்க இயலாதவர்க்கும் பாடம் மனத்தில் பதிந்தது.

அக்குழுவில் பாடியோர் பெண்கள் என்பதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த சேருகு யாக்கோபு என்னும் புலவர், எப்ரேமின் புகழைப் பாடும்போது, பெண்களைப் பாடவும் கற்பிக்கவும் செய்த செயலையே பெரிதாகப் போற்றுகிறார். புலமையைக் காட்டிலும் அதுவே அவருக்கு முதன்மையாகப் பட்டது போலும்.

எதெசாவில் பஞ்சம் வந்தபோது எப்ரேம் செல்வரிடம் பொருள் திரட்டி, பசியால் மெலிந்தோர்க்கு ஏறத்தாழ 300 படுக்கைகள் அமைத்தார் எனப் பல்லாடியஸ் எழுதுகிறார். 373 சூன் 9இல் எப்ரேம் மறைந்தார். 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். கேரளத்துச் சிரியாக் மரபுத் திருச்சபைகளின் வழிபாட்டில் அவர் பெயர் தாங்கிய பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றுள் பல இப்போது மலையாளத்தில்.