தொண்டு செய்யப் போனவர் எப்படி வாழ வேண்டும்?

(டாக்டர் கோட்னிஸ் நினைவு நாளையொட்டி மும்பையில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1942 டிசம்பர் 9 அன்று சீனத்தின் வடபகுதியில், போர்க்களத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், 32 வயது இந்திய மருத்துவர் ஒருவர் உயிர் நீத்தார். அவர்தான் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ். அவர் எப்படி இறந்தார் என்பதை இந்த மேடையில் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்றைக்கு அவர் அங்கே எப்படி வாழ்ந்தார் என்று பேசுவோம். என்ன சாப்பிட்டார், எங்கே படுத்தார், எந்த மொழியில் பேசினார் என்பதுதான் இன்றைய பேச்சு. இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். தொண்டு நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1937 ஜூலையில் ஜப்பானிய ஏகாதிபத்தியம் சீனத்தின் மீது முழுப் போரைத் தொடுத்தது. சீனத் தளபதி சூ டே, மருத்துவ உதவி கேட்டு நேருவுக்குக் கடிதம் எழுதினார். 1938இல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். அவர் நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார், நிதி திரண்டது. நாமே அன்று அடிமைப்பட்டுக் கிடந்தோம். இருந்தும் இன்னொரு நாட்டு மக்களின் காயத்துக்குக் கட்டுப்போட நம் மக்கள் காசு கொடுத்தார்கள். அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி என்று ஐந்து மருத்துவர்கள் புறப்பட்டார்கள். அவர்களில் அடல் அதற்கு முன்பே ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையினருக்கு வைத்தியம் பார்த்தவர். 1938 செப்டம்பர் 1 அன்று, இதே ஊர்த் துறைமுகத்தில்தான் அவர்கள் கப்பல் ஏறினார்கள்.

கோட்னிஸ் சோலாப்பூர்க்காரர். பம்பாயில் மருத்துவம் படித்தவர். கப்பல் ஏறும்போது அவருக்கு 28 வயது நிறையவில்லை. 1939 பிப்ரவரியில் அவர்கள் யெனான் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு முன்பே வழியில் அவருக்கு ஒரு செய்தி வந்தது: ஊரில் தகப்பனார் காலமாகிவிட்டார். ஊருக்குப் போவதானால் போகலாம் என்று சொன்னார்கள். அவர் போகவில்லை. தந்தி வந்த இரவில் இந்த நகரத்தில் தனியே உட்கார்ந்திருந்தவர்கள் இந்த அவையில் எத்தனையோ பேர் இருக்கிறோம். அது என்ன துக்கம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

யெனானில் இருப்பிடம் என்பது மலைச்சரிவில் மண்ணைக் குடைந்து செய்த குகை வீடு. வடசீனத்துக் கிராமங்களில் படுக்கை என்பது மண்ணால் கட்டிய மேடை. அடுப்புச் சூடு அதன் அடியில் ஓடும்; குளிர்காலத்தில் குடும்பமே அதன் மேல்தான் உட்காரும், சாப்பிடும், தூங்கும். தண்ணீர் உறைந்து போகிற குளிர். உடுத்துவதற்குப் பஞ்சு வைத்துத் தைத்த நீல உடை. சாப்பாடு பெரும்பாலும் தினை. நம் குறிஞ்சி நிலத்துக் குறவர்கள் புனம் காத்து விளைவித்தார்களே, அதே தினைதான்! வடசீனத்து ஏழையின் உணவும் அதுதான், படைவீரனின் உணவும் அதுதான். கோட்னிஸ் அதைத்தான் சாப்பிட்டார்.

இங்கே ஒரு கேள்வி எழும். மருத்துவருக்கு மட்டும் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் இறைச்சி தனியாகக் கொடுத்தால் என்ன குறைந்து போகும்? அந்தப் பகுதியில் அவருக்கு முன்னே பணியாற்றிய கனடா நாட்டு மருத்துவர் நார்மன் பெத்யூனுக்கு மாதம் 100 யுவான் தனிப்படி ஒதுக்கினார்கள். அவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். காரணம் சாமியார்த்தனம் அல்ல தோழர்களே! வைத்தியம் பார்க்கிறவனின் தட்டு ஒன்று, நோயாளியின் தட்டு வேறொன்று என்று ஆகிவிட்டால், நோயாளி அவனிடம் வலியைச் சொல்வான். மனத்தைச் சொல்ல மாட்டான். தனித்தட்டு வைத்துக்கொண்டு செய்வது தருமம். ஒரே தட்டில் சாப்பிட்டுச் செய்வதுதான் தொண்டு.

அடுத்தது மொழி. பெத்யூன் கடைசிவரை மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே வேலை செய்தார். போன இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் இறந்தும் போனார். கோட்னிஸ் சீன மொழியைக் கற்றுக்கொண்டார். பேச மட்டுமல்ல; எழுதவும் படிக்கவும் கற்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உருவம் என்று இருக்கிற எழுத்து அது. அதைக் கற்று, மருத்துவ மாணவர்களுக்குச் சீன மொழியிலேயே பாடம் நடத்தினார், அறுவை மருத்துவப் பாடநூலும் எழுதினார்.

ஐந்து பேருக்கும் சீனப் பெயர்கள் சூட்டப்பட்டன. ஒவ்வொரு பெயரின் முடிவிலும் 'ஹுவா' என்ற சொல் வரும். ஹுவா என்றால் சீனம். கோட்னிஸின் பெயர் கே திஹுவா. பெயரைப் பிறர் சூட்டிவிடலாம். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அவர் உண்டாக்கிக்கொண்டார்.

குழுவிலிருந்து மூவர் முன்பே நாடு திரும்பினார்கள். அவர்கள் செய்த தொண்டும் குறைந்ததல்ல. பாசு 1943இல் திரும்பினார்; பின்னாளில் அக்குபங்சர் மருத்துவத்தை இந்தியாவில் பரப்பியவர் அவர்தான். கோட்னிஸ் எதிரியின் முற்றுகைக்கு நடுவே இருந்த எல்லைப் பகுதிக்குப் போனார். 1940இல் பெரும் சண்டை நடந்தபோது 72 மணி நேரம் ஓய்வில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்தார். 1941இல் பெத்யூன் பெயரால் அமைந்த மருத்துவமனைக்கு இயக்குநரானார். அதே ஆண்டு, அங்கே செவிலியர் பாடம் நடத்திய குவோ சிங்லான் என்ற தோழியரை மணந்தார். 1942 ஆகஸ்டில் பிறந்த மகனுக்கு யின்ஹுவா என்று பெயர். யின் என்றால் இந்தியா. ஹுவா என்றால் சீனம். இந்தியாவை மறந்தவர் வைக்கிற பெயரா அது? மொழியும் உணவும் உடையும் மாறின. பிறந்த மண் பெயரில் முதலில் நிற்கிறது!

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறோம் என்றால், நம் பகுதியில் செவிலியர் பயிற்சி முடித்த இரண்டு சகோதரிகள், கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிற மருத்துவக் குழுவில் ஓராண்டுத் தொண்டர்களாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது. "சம்பளத்துக்குப் போனாலும் பரவாயில்லை, சும்மா எதற்குப் போக வேண்டும்?" என்று ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கே வந்து கேட்டார். நியாயமான கேள்வி. பெற்ற வயிறு கேட்கத்தான் செய்யும். அதற்குச் சங்கம் பதில் சொல்லியாக வேண்டும்.

நாமெல்லாம் பிழைக்க வந்தவர்கள். பிழைக்க வந்தவனுக்கு ஊர் தானாகவே பாடம் நடத்தும். ரேஷன் கடை வரிசையும், குழாயடிச் சண்டையும், லோகல் ரயில் நெரிசலும் மராத்தியையும் இந்தியையும் நம் வாயில் திணித்துவிடும். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வாத்தியார் யார்? கவுண்டருக்கு முன்னால் நிற்கிற பயணிதான்! ஆனால் நமக்கு ஒரு வசதியும் இருந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழ் பேசுகிற வாய்கள் இருந்தன. இட்லிக் கடை இருந்தது. மாரியம்மன் கோயில் இருந்தது. இந்தச் சங்கம் இருந்தது. அயல்நாட்டுக்குப் போகிற தொண்டருக்கு இவை எதுவும் இருக்காது. பிழைப்பின் கட்டாயமும் இருக்காது. பிடிக்காவிட்டால் அடுத்த விமானத்தில் திரும்பிவிடலாம். அதனால் அவர் தினமும் காலையில் எழுந்து, 'இன்றும் இங்கே இருப்பேன்' என்று தானாகவே முடிவு செய்ய வேண்டும். அதுதான் கடினம்.

ஆகவே அந்தச் சகோதரிகளுக்கு நாம் சொல்வது இவைதான். அங்கே மக்காச்சோள மாவுக் களி கொடுப்பார்கள்; உகாலி என்று பெயர். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. முகம் சுளிக்காமல் கையால் பிசைந்து சாப்பிடுங்கள். புறப்படுவதற்கு முன்பே சுவாஹிலியில் நூறு சொல் கற்றுக்கொள்ளுங்கள். "வலிக்கிறதா", "தண்ணீர் குடி", "பயப்படாதே" என்பதில் தொடங்குங்கள். 'எங்கள் ஊரில் இப்படி இல்லை' என்ற வாக்கியத்தை முதல் மூன்று மாதம் வாயிலிருந்து எடுக்காதீர்கள். கற்பிக்கப் போகிறோம் என்று போகாதீர்கள்; அங்கிருக்கும் செவிலியர் உங்களைவிட அந்த மக்களை அறிந்தவர். அழுகை வந்தால் அழுங்கள். அதை மறைத்துக்கொண்டு சிடுசிடுப்பது நோயாளியின் தலையில்தான் விடியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கோட்னிஸ் வலிப்பு நோயால் இறந்தார். ஓய்வெடுத்து வெளியே போய்ச் சிகிச்சை பெறுங்கள் என்று தோழர்கள் வற்புறுத்தினார்கள். வேலையை விட்டுவிட்டுப் போக அவர் இணங்கவில்லை. அவர் இறந்தபோது குழந்தைக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை. முற்றுகைக்குள் அவருக்கு வேறு வழி எவ்வளவு இருந்தது என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் இன்று போகிறவர்களுக்கு வழி இருக்கிறது. உடம்பை அழித்துக்கொள்வதுதான் தொண்டு என்று நம் மேடையிலிருந்து யாரும் போதிக்கக் கூடாது. மலேரியா மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிற தொண்டர்தான் நாளைக்கும் வார்டில் நிற்பார்.

அரசுகளின் உறவு ஏறும், இறங்கும். 1962இல் இந்தியாவும் சீனமும் போரிட்டன. 2020இல் லடாக் எல்லையில் மீண்டும் இரத்தம் சிந்தியது. ஆனாலும் ஷிஜியாசுவாங் நகரத்துக் கல்லறையில் கோட்னிஸுக்கு இன்றும் மலர் வைக்கிறார்கள். 1982இல் சீனம் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 1993இல் இந்தியா வெளியிட்டது. அந்த நாட்டு ஏழையின் தினையை உண்டு, அவன் மொழியில் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டவரை எல்லைக்கோடு என்ன செய்துவிட முடியும்?

அந்தத் தாயாருக்கு வெறும் பேச்சை மட்டும் பதிலாகக் கொடுக்க முடியாது. ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, போகிற இருவருக்கும் வாரம் ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ சங்கத்தின் பெயரால் போக வேண்டும். அதற்கு முறை போட்டுப் பெயர் எழுதிக்கொள்வோம். இரண்டு, அவர்களுக்கு நோய் வந்தால் திரும்பிவரும் செலவுக்கு இன்றே ஒரு நிதி தொடங்க வேண்டும். உண்டியல் வாசலில் இருக்கிறது. மூன்று, அவர்கள் இல்லாத ஓராண்டும் அந்த இரண்டு வீடுகளின் ரேஷன், மருத்துவம், பிள்ளைகளின் பள்ளி வேலைகளைப் பக்கத்துத் தெருத் தோழர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்.