அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வி

மேடையில பேசிப் பழக்கமில்லை, தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

போன வருஷம் என் மகள் பன்னிரண்டாவது. தூக்கமில்லாம, சாப்பிடாம ஒரே தலைவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பரிசோதிச்ச டாக்டரம்மா அவளை வெளியே உட்காரச் சொல்லிட்டு, "நீங்க விவசாயக் குடும்பமா? பூச்சி மருந்தை எங்கே வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "எம் பிள்ளை அப்படிப்பட்டவ இல்லைங்க"ன்னேன். "அப்படிப்பட்ட பிள்ளைன்னு யாரும் இல்லைம்மா. எல்லாத் தாய்கிட்டயும் கேக்குறதுதான். கோபமும் வேதனையும் உச்சத்துல இருக்கிறது கொஞ்ச நேரம். அந்த நேரத்துல கைக்கு எட்டாம இருந்தாலே பாதி உயிர் பிழைச்சிரும்"னாங்க. பூட்டித்தான் வச்சிருக்கேன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தா, அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருந்துச்சு. மல்லிகைக்கு மொட்டுப்புழு வந்தப்ப அடிச்சது போக மிச்சம். பாதியைக் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தோம். தாகத்துல சின்னவன் எடுத்துக் குடிச்சாக்கூட யாரைக் குத்தம் சொல்றது? விஷத்துக்கு நாம வச்ச பேரே மருந்து. டாக்டர் குடுக்கிறதும் மருந்து, செடிக்கு அடிக்கிறதும் மருந்து.

வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "இத்தனை வருஷமா அங்கதான இருக்கு, புதுசா என்ன?"ன்னு சிரிச்சாரு. ரெண்டு நாள் பேசலை நான். மூணாம் நாள் அவரே தகரப்பெட்டி வாங்கிட்டு வந்து மோட்டார் ரூம்ல வச்சுப் பூட்டிட்டாரு. சாவி என் சுருக்குப்பையில. பாட்டில்ல கிடந்ததையும் வெளியேத்தியாச்சு. இப்ப வேணுங்கிற அளவுதான் வாங்குறோம், லேபிள் ஒட்டின டப்பாவிலேயே வைக்கிறோம். லேபிள்ல சிவப்பு முக்கோணம் இருந்தா ரொம்பக் கொடிய விஷம்னு அர்த்தம், அடுத்தது மஞ்சள், நீலம், பச்சைன்னு குறையும். பச்சையும் விஷந்தான்.

எலிக்கு வைக்கிற மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டை நம்ம தமிழ்நாட்டு அரசே தடை பண்ணிருச்சு. பழசு எங்கயாச்சும் பரண்ல கிடந்தா தேடி எடுங்க. தப்பித்தவறி யாராச்சும் எதையாவது குடிச்சிட்டா, உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. நல்லாத்தானே இருக்கான்னு வீட்டுல வச்சுக்கவும் கூடாது. உடனே 108. டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

அப்புறம் ஒருநாள் அதே டாக்டரம்மாவைப் பார்த்து, அன்னைக்குப் பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டேன். திட்டலை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துல ஊருக்குப் பொதுவா ஒரு இடம் கட்டி, விவசாயிகளுக்குப் பூட்டுற பெட்டி குடுத்து மருந்தை அங்கேயே வைக்கச் சொன்னாங்களாம். சென்னை சினேகா அமைப்பு செஞ்சது. 2013ல அந்த ஆய்வு வெளிவந்திருக்கு. அதுவும் பூ விவசாயம் பண்ற ஊருங்கதான், நம்மள மாதிரி.

அதான் கேக்குறேன். நம்ம ஊராட்சியில மல்லிகைத் தோட்டம் இல்லாத தெரு இல்லை. கூட்டமைப்புல இருந்து பொதுவா ஒரு பெட்டி அறை போட அடுத்த மாசக் கூட்டத்துல தீர்மானம் வைக்கணும். எங்க குழு 12 பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொண்டு வந்திருக்கோம். தலைவி அக்கா, இந்தாங்க.