கையில் ரொக்கம், வாசலில் சுங்கம்

அறந்தாங்கி, ஆலங்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும், வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். அவர்கள் ஊர் திரும்பும் வாசல் திருச்சி விமான நிலையம்.

அந்த வாசலைக் கடக்கும்போது கையிலிருக்கும் ரொக்கத்துக்கு விதிகள் உண்டு. இந்திய ரூபாயை, போகும்போதும் வரும்போதும் 25,000 வரைதான் கையில் வைத்திருக்கலாம். வெளிநாட்டுப் பணம் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவரலாம், தடையில்லை. ஆனால் நோட்டு மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, பயணக் காசோலையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, சிவப்பு வழியில் போய்ச் சுங்க அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அது உங்கள் பணம். மறைத்துப் பச்சை வழியில் நடந்தால், ராத்திரி பகலாக உழைத்த காசு பறிமுதலாகலாம்.

சிங்கப்பூரிலும் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் ரொக்கம் இருந்தால், புறப்படும்போதே அங்கே தெரிவிக்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. விமானம் ஏறும் நேரத்தில், "தம்பி, இந்தப் பொட்டலத்த மட்டும் கொண்டுபோயிரு, வெளியில நம்ம ஆளு வாங்கிக்குவாரு" என்று ஒருவர் வருவார். டிக்கெட் காசு தருகிறேன் என்பார். இப்படிச் சுமப்பவர்களைக் 'குருவி' என்பார்கள். உள்ளே தங்கமா, கரன்சியா, தெரியாது. பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பையைச் சுமந்தவர்தான். கொடுத்தவர் கண்ணிலேயே படமாட்டார்.

வீட்டுக்குச் சேர வேண்டிய பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். அடுத்தவர் பொட்டலத்தைத் தொடாதீர்கள். இதை இன்றே உங்கள் பிள்ளைகளுக்குப் போனில் சொல்லுங்கள்.